கம்பு என்று எழுதச் சொன்னார்கள்

ஆற்றுத் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்து, தூத்துக்குடித் தெருக்களில் நாங்கள் வள்ளம் ஓட்டினோமே, அந்தப் பெருமழைக்கு அடுத்து, ஈஸ்டருக்கு முன்னால் வந்த தபசு காலம். வருஷம் கேட்டால் எனக்குச் சொல்ல வராது. நான் பள்ளிக்கூடம் போகாதவன்; சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுகிறார். கடலே செம்மண் நிறமாகக் கிடந்து, குலையோடு வாழை மரங்கள் கரையில் ஒதுங்கின. அதில் ஒன்றை என் மனைவி இழுத்து வந்து கொல்லையில் நட்டாள். பிழைக்கவில்லை. சொல்ல வந்தது அது இல்லை.

எங்கள் கரையில் ஒரு குருசு நின்றது. சிலுவையை நாங்கள் குருசு என்றுதான் சொல்வோம். உடைந்துபோன ஒரு தோணியின் அடிமரத்தில் செய்தது. இரண்டு ஆள் உயரம். வள்ளத்தைத் தள்ளுவதற்கு முன் கடல் தண்ணீரில் கையை நனைத்து, அந்த ஈரக் கையால் குருசைத் தொட்டுவிட்டுத்தான் ஏறுவோம். அதனால் கையெட்டும் இடத்தில் மட்டும் மரம் உப்பேறி வெளுத்திருக்கும். சாயங்காலம் அங்கே செபமாலை. கரையில் மூத்தவன் முதல் மந்திரத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். எனக்கு மூத்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் அது என் வேலையாயிற்று.

குருசுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. கடலுக்குள் இருந்து பார்க்கும்போது குருசும் கோயில் கோபுரமும் ஒன்றாய்ச் சேர்ந்து தெரிந்தால், வள்ளத்துக்குக் கீழே பார், அதாவது கடலடிப் பாறை இருக்கிறது, மீன் கிடைக்கும் என்று அர்த்தம். இப்போது எல்லார் கையிலும் இடம் காட்டுகிற மிஷின் இருக்கிறது. ஆனாலும் நான் திரும்பிக் குருசைத்தான் பார்ப்பேன்.

ஒரு ஆட்சியில் வந்த அதிகாரி, "ஒங்க குருசு மேல யாரும் கை வைக்க மாட்டாங்க" என்று சொல்லி, மோர் குடித்துவிட்டுப் போனார். ஆட்சி மாறியது. கரையோரமாக ரோடு வருகிறது, புறம்போக்கில் நிற்கும் சாமி காரியம் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்று வேறு ஒருவர் வந்தார். இவர் கெட்டவர் இல்லை. ஆற்றங்கரை ஊர்க்காரர், வயல்காட்டில் பிறந்தவர். வலைக் கொட்டகையில் உட்கார்ந்து, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காதோடு ஒரு வழி சொன்னார்.

"பெரியவரே, சாமி கும்புடுத எடம்னு எழுதினா எடுத்தாகணும். கடலுக்குப் போறவங்களுக்கு அடையாளக் கம்புன்னு எழுதினா, ரோட்டைக் கொஞ்சம் வளைச்சுக்கிடலாம். அங்கன கூட்டம் கூடி செபம் சொல்லுத வழக்கம் இல்லைன்னு ஒரு வரி. கரைக்கு மூத்தவரு நீங்க, கைநாட்டு வச்சாப் போதும். வெள்ளிக்கெழம வாரேன்."

கரையில் எல்லாருக்கும் சந்தோஷம். என் மகளைக் கட்டியவர் இருக்கிறாரே, அவருக்கு யோசனை அதிகம். மறுநாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், குருசின் மேல் ஏணி சாய்த்து, வள்ளத்துக்கு அடித்து மிஞ்சின பெயிண்டை வைத்து லைட் ஹவுஸ் மாதிரி சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டுக்கொண்டிருக்கிறார். பாதி மரம் ஆகிவிட்டது.

"மாப்ள, என்ன செய்யுதிய?"

"கம்புன்னா கம்பு மாதிரி இருக்கணும்லா மாமா. போட்டோ எடுப்பாங்க."

"குறுக்கு மரத்தை என்ன செய்வீய?"

"அதுல ஒரு கொடி கட்டிருவோம். எந்தக் கட்சிக் கொடின்னுதான் யோசனையா இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பொய் சொல்வானேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்.

அரசாங்கத்திடம் பொய்யே சொல்லாதவன் இல்லை நான். செத்துப்போன அம்மா பெயரை இரண்டு வருஷம் ரேஷன் கார்டில் வைத்துச் சீனி வாங்கியவன். இதுவும் முழுப் பொய்யில்லை. அடையாளம்தானே பார்த்தோம்? கம்பு என்றால் கம்புதானே? இப்படியே இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் அந்த இரண்டாவது வரிக்கு என்னால் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. செபம் சொல்லும் வழக்கம் இல்லையாம். சாயங்காலம் முதல் மந்திரத்தை எடுத்துக் கொடுக்கிற வாய் என்னுடையது. இல்லை என்று அமுக்கப்போகிற விரலும் என்னுடையது.

அப்பா ஒரு காரியம் சொல்லுவார். ஒல்லாந்தன், அந்த டச்சுக்காரன் ஆண்ட காலத்தில் நம்முடைய கோயில்களைப் பிடுங்கிக்கொண்டு, நம் சாமியார்களையும் விரட்டிவிட்டார்களாம். சனங்கள் மணலில் ஓலைப் பந்தல் போட்டு மந்திரம் சொன்னார்கள். சேவகன் வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், மந்திரம் சொல்கிறோம் என்றுதான் சொன்னார்கள். வலை பின்னுகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. பந்தலைப் பிரித்துப் போடுவான். மறுபடியும் கட்டுவார்கள். அப்பாவுக்கும் எழுத்துத் தெரியாது. ஆனால் இதை நேற்று நடந்தது போலச் சொல்லுவார்.

வியாழக்கிழமை என் மனைவியிடம் சொன்னேன், கைநாட்டு வைக்க மாட்டேன் என்று. அவள் அகப்பையோடு திரும்பினாள்.

"ஒரு வெரலை அமுக்கிட்டு வாறதுக்கு ஒமக்கு என்ன கொள்ளை? குருசு நிக்குமேன்னு ஊரே தவிக்குது. நாளைக்கு மிஷின் வந்து தோண்டிப் போட்டா ஆண்டவர் ஒம்ம மெச்சிக்கிடுவாரோ?"

"நின்னா கம்பாத்தான் நிக்கும். அதுக்கு முன்னாடி முட்டி போட ஒனக்கு மனசு வருமா?"

அவள் குழம்பைக் கிண்டினாள், அது ஏற்கெனவே கொதித்துவிட்டது. அடுப்பைத் தணித்துவிட்டு, "அப்ப அந்தப் பெயிண்டைச் சொரண்டச் சொல்லும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி காகிதத்தை எடுத்து வாசித்துக் காட்டினார். மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். கரை முழுக்க நின்றது.

"சார், இதுல குருசுன்னு எழுதுங்க. அங்கன தெனமும் செபம் சொல்லுதோம்னு எழுதுங்க. பத்து வெரலையும் வைக்கேன்."

"அப்படி எழுதினா எடுக்கணுமே, பெரியவரே. நான் ஒங்களுக்கு நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

"தெரியும் சார். ஒங்க மேல வருத்தம் இல்ல. கம்புன்னு நான் சொல்ல மாட்டேன்."

கூட்டத்தில் ஒருவன், "இந்தக் கிழவன் ஒருத்தனாலதான் குருசு போகப்போகுது" என்று கத்தினான். அவன் சொன்னது உண்மைதான். என் மருமகனும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அதிகாரி அந்தக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு வேறு காகிதம் எடுத்தார். பிறகு நான் சொன்னபடியே எழுதினார். நானும் சொன்னபடியே பத்து விரலையும் வைத்தேன். ஒன்று போதும் என்றார், நான் கேட்கவில்லை.

எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மிஷின் தொட வேண்டாம், நாங்களே எடுக்கிறோம் என்று கேட்டு வாங்கிக்கொண்டோம். வள்ளம் இழுக்கிற கயிற்றைக் கட்டி மெதுவாகச் சாய்த்தோம். திட்டினவன்தான் முதலில் தோள் கொடுத்தான். எங்கே வைப்பது? கோயில் வளவுக்குள் வைக்கலாம் என்றார்கள். அங்கே வைத்தால் வள்ளம் தள்ளப் போகிறவன் எப்படித் தொடுவான்? கரைக்குப் பக்கத்தில் பட்டா உள்ளது என் வீடு ஒன்றுதான். கடலைப் பார்த்த மூலையில் என் மனைவியின் அடுப்படி இருந்தது.

நான் கேட்பதற்கு முன்னால் அவளே உள்ளே போய்ப் பானைகளை எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்தாள். "நின்னு பாக்காதீய, ஓலையைப் பிரிங்க" என்று என் மருமகனை விரட்டினாள். இன்றைக்கு வரைக்கும் வாசலில் தகரம் போட்டுத்தான் சமைக்கிறாள். மழை வந்தால் என்னை ஏசுவாள், குருசை ஏசமாட்டாள்.

ரோடு வந்துவிட்டது. கடலுக்குள் இருந்து பார்த்தால் குருசு இப்போது தெரியாது. முன்னால் சுவர் மறைக்கிறது. கடலுக்குப் போகிறவர்கள் ஈரக் கையோடு ரோட்டைத் தாண்டி வந்து தொட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். லாரிக்காரன் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும். சாயங்காலம் செபமாலை நடக்கிறது. மழைநாளில் குடை பிடித்துக்கொண்டும் நடக்கிறது. அடுத்த அரசாங்கம் வந்து இதையும் கேட்டால், அப்போதும் குருசு என்றுதான் சொல்வோம். நான் இல்லாவிட்டால் அடுத்த மூத்தவன் சொல்லுவான். அவனிடம் பேசி வைத்திருக்கிறேன்.

மனசை அறுப்பது ஒன்றே ஒன்றுதான். வடக்கே உள்ள கரைகளில் ஒரு பேச்சு நடக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் கம்பு என்று எழுதிக் கொடுத்தார்கள், அப்படியும் குருசு போய்விட்டது என்று. அதைக் கேட்டு, அவர்களே கொடுத்தார்கள், நாம் கொடுத்தால் என்ன என்று மற்ற ஊர்களிலும் எழுதிக் கொடுக்கத் துணிகிறார்களாம். நீங்கள் அந்தப் பக்கம் போனால், டீக்கடையானாலும் கோயில் வாசலானாலும், இதைக் கொஞ்சம் சொல்லுங்கள். எங்கள் கரையில் யாரும் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை.