வாளையார் பஸ்ஸில் ஓர் இருக்கை

காலை ஏழரை மணிக்குக் கோயம்புத்தூரில் பாலக்காடு பஸ் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர், ஒரு ரூபாய் எண்பது பைசா, வழியில் யாரும் மறிக்காவிட்டால் ஒன்றே முக்கால் மணி நேரம். ஆனால் எழுபத்து நான்காம் வருஷத்தில் மறிக்காத நாளே கிடையாது. தமிழ்நாட்டுப் பக்கம் அரிசி மலிவு, எல்லைக்கு அப்பால் கேரளத்தில் யானை விலை. அரிசியை எல்லை தாண்டிக் கொண்டுபோகத் தடை. அதனால் வாளையாருக்குச் சற்று முன்னால் செக்போஸ்ட்டில் ஒவ்வொரு பஸ்ஸையும் நிறுத்திக் குடைவார்கள். சனிக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்து திங்கட்கிழமை பாலக்காட்டு ஆபீசுக்குத் திரும்பும் எனக்கு இது வாராந்தரத் தலைவலி.

ஏறியதும் பஸ்ஸை ஒரு நோட்டம் விட்டேன். அரிசி கடத்துகிறவர்களைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கொரு மிதப்பு. பை வைத்திருப்பவன் அப்பாவி. வெயிலில் இரண்டு சட்டை போட்டிருப்பவன்தான் ஆள். நீளப் பைகள் தைத்து அரிசி நிரப்பிப் புடவைக்கு அடியில் வயிற்றோடு கட்டிக்கொள்ளும் பெண்களும் இந்தத் தடத்தில் உண்டு. மூன்று வாரத்துக்கு முன் ஒரு நிறைமாதக்காரிக்கு எழுந்து இடம் கொடுத்தேன். செக்போஸ்ட்டில் அவள் பெற்றெடுத்தது ஆறு படி புழுங்கலரிசி. பஸ்ஸே என்னைப் பார்த்துச் சிரித்தது. இனி எவளுக்கும் எழுந்திருப்பதில்லை என்று அன்றே தீர்மானித்துவிட்டேன்.

எட்டு மணி, மதுக்கரை. சிமெண்டுத் தூசியோடு ஒரு புருஷனும் பெண்சாதியும் ஏறினார்கள். அவன் தகரப் பெட்டியோடு படிக்கட்டருகே மாட்டிக்கொள்ள, அவள் மட்டும் நெருக்கியடித்து வந்து என் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வயிறு நன்றாக முன்தள்ளியிருந்தது.

"ஏனுங்க, செத்த எடம் குடுக்கறீங்களா? நிக்க முடியலீங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்தேன். கடைக்கண்ணால் அவளையும் பார்த்தேன். ஒரு கை வயிற்றை விட்டு நகரவில்லை, அரிசிப் பையின் முடிச்சைத்தான் பிடித்திருக்கிறாள். முகமெல்லாம் வேர்வை, பயம். வயிறு இவ்வளவு கீழேயா இறங்கும்? பார்த்ததெல்லாம் எனக்குச் சாட்சியாகவே பட்டது.

எட்டு நாற்பதுக்குச் செக்போஸ்ட். எங்களுக்கு முன்னால் ஏழெட்டு வண்டிகள். எங்கள் முறை வருவதற்குள் ஒன்பதாகிவிட்டது. பத்து மணிக்கு ஆபீசில் வருகைப் பதிவேட்டை எடுத்துவிடுவார்கள். அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு நாள் தாமதம், மூன்றாவதற்கு அரை நாள் லீவு போய்விடும். காவலர் ஒவ்வொரு இருக்கையாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நேக்கு ஆபீசுக்கு நாழியாறது. இந்தம்மாவைப் பாருங்கோ, பஸ்ஸை விட்டுடுங்கோ" என்று மெதுவாகச் சொல்லி மோவாயால் காட்டினேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கம்பியை விட்டுவிட்டு இறங்கினாள். படிக்கட்டில் இருந்த புருஷனுக்கு நான் சொன்னது கேட்டிருக்காது. "மாசமா இருக்கறவளுங்க சாமி, பாலக்காட்டுல அவ அம்மா ஊட்டுக்கிட்ட ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போறனுங்க" என்று காவலரிடம் கும்பிட்டான்.

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க" என்றார் காவலர். சோதனை செய்யும் பெண் அவளைக் கொட்டகைக்குள் அழைத்துப் போனாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சோதனைக்காரி வெளியே ஓடிவந்தாள். "கொழந்தைதாங்க! வலி கண்டிருச்சு, வண்டிய எடுங்க!"

நானாகவே எழுந்தேன் என்று எழுத ஆசைதான். கண்டக்டர்தான் என் தோளைப் பிடித்து எழுப்பினார். என் இருக்கையில் அவளைச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். டிரைவர் கஞ்சிக்கோட்டிலும் நிறுத்தவில்லை, அடுத்த ஸ்டாப்பிலும் நிறுத்தவில்லை. கை காட்டியவர்கள் திட்டியது காதில் விழுந்தது. அவள் பிடித்துக்கொண்டு நின்ற கம்பியை இப்போது நான் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் பல்லைக் கடித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பழி என் தலையில்தான்.

ஒன்பது ஐம்பதுக்குப் பாலக்காட்டு ஆஸ்பத்திரி வாசல். அவளைத் தாங்கி இறக்கும்போது புருஷன் என்னைப் பார்த்துக் கண்கலங்கினான்.

"சாமி, உங்க எடத்தக் குடுத்துட்டு இத்தன தூரம் நின்னுட்டே வந்தீங்க. கால் வலிக்குமுங்களே."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"அவங்கள விடுங்க மாமா. ஆபீசுக்கு நேரமாச்சாமுங்க."

அங்கிருந்து நடந்தே பத்தரைக்கு ஆபீசில் நுழைந்தேன். "என்ன ஓய், இன்னிக்கும் லேட்டா?" என்றார் சூப்பிரண்டு. "செக்போஸ்ட்ல ஒரு பொம்மனாட்டிய இறக்கிட்டா" என்றேன். "அரிசியா?" என்றார். ஆமென்று தலையாட்டினேன். போனால் போகிறதென்று கையெழுத்துப் போட விட்டார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அடுத்த திங்கட்கிழமை அதே பஸ், அதே கண்டக்டர். பெண் குழந்தை, இருவரும் சுகம் என்றார். மதுக்கரையில் இன்னொருத்தி வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஏறினாள். நடையே சரியில்லை, இடுப்பில் பை துருத்திக்கொண்டு தெரிந்தது. எழுந்து இடம் கொடுத்தேன். செக்போஸ்ட்டில் அவளை இறக்கினார்கள். அரிசிதான். பஸ் முழுவதும் என்னைப் பார்த்துச் சிரித்தது.

சிரிக்கட்டும். அரிசியும் கனக்கத்தானே செய்யும்.