பிரசிடெண்டு ஜீப்பில் உரிந்த வண்ணங்கள்

என் வீட்டுக்காரர் வளைகுடாவில் ஒரு கப்பல் பட்டறையில் பல வருடங்கள் துரு எடுத்தார். அழுத்திய காற்றோடு கரகரப்பான தூளைக் கலந்து குழாய் வழியாக இரும்பின் மீது பீய்ச்சி அடிக்கிற வேலை. பெயிண்ட், துரு, ஓட்டையும் பள்ளமும் தெரியாமல் பூசிய பழைய பட்டி எல்லாம் உதிர்ந்து இரும்பு பிறந்தமேனிக்கு நிற்கும். அதற்கு பிளாஸ்டிங் என்று பெயர். தலையை முழுக்க மூடும் கவசத்துக்குள் பாதி வாழ்க்கையைக் கழித்ததால் அவருக்குப் பேச்சு குறைந்து, கைச்சாடை வளர்ந்துவிட்டது. இன்றைக்கும் உப்புமாவைப் பார்த்தால் கட்டைவிரலைக் கீழே காட்டுவார்.

எங்கள் அறந்தாங்கியில் வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் செல்போன் கடை வைப்பார்கள், ஜூஸ் கடை வைப்பார்கள், இரண்டும் படுத்த பிறகு டிராவல்ஸ் வைப்பார்கள். இவர் ஒரு கம்ப்ரசரை வாங்கி மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். சொந்தக்காரர்கள் வந்து பார்த்தார்கள். கேதம் கேட்க வந்தவர்களைப் போலவே காபி குடித்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போனார்கள்.

நான் கல்யாணத்துக்கு முன்பு ஒரு டிரைவிங் ஸ்கூலில் ஆபீஸ் வேலை பார்த்தவள். வண்டிச் சட்டங்கள் எனக்கு அத்துப்படி. அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். துரு எடுப்பது அவர், பேசுவது நான். பழைய காரை, ஜீப்பைப் புதுசாக்க வருகிறவர்களிடம் எதை மாற்றலாம், எதை மாற்றினால் அபராதம், எதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்வதும் என் பொறுப்பு. இந்த ஆலோசனையை எங்கள் மாவட்டத்தில் நான் ஒருத்திதான் கொடுக்கிறேன் என்று நினைக்கிறேன். ஏனென்றால் கேட்டவர் யாரும் இல்லை.

முதல் தப்பு போர்டில் நடந்தது. லாரியின் பக்கவாட்டில் ‘மொபைல் பிளாஸ்டிங்’ என்று பெரிதாக எழுதி வைத்தோம். கல் குவாரிகள் நிறைந்த புதுக்கோட்டை மாவட்டத்தில் பிளாஸ்டிங் என்றால் பாறைக்கு வெடி வைப்பது. முதல் வாரமே இரண்டு போலீஸ்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

“வெடிமருந்தை எங்கம்மா வச்சிருக்கீங்க?”

“வெடி இல்லீங்க சார். காத்து.”

“காத்துக்கு எதுக்கும்மா பிளாஸ்டிங்னு போர்டு?”

வீட்டுக்காரர் கவசத்தை மாட்டிக்கொண்டு, துருப்பிடித்த மண்வெட்டி ஒன்றைச் சுத்தம் செய்து காட்டினார். போலீஸ்காரர்களில் மூத்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் தன் வீட்டு கேட்டைக் கொண்டுவந்தார். எங்கள் முதல் வாடிக்கையாளர் அவர்தான்.

போலீஸ் புரிந்துகொண்டது, பொதுமக்கள் புரிந்துகொள்ளவில்லை. கிணற்றில் பாறை தட்டிவிட்டது, வெடி வைக்க வர முடியுமா என்று ஒருவர் கேட்டார். ‘மொபைல்’ என்ற வார்த்தையை மட்டும் படித்த இன்னொருவர், சார்ஜ் நிற்காத போனை லாரிக்குள் நீட்டினார். கடைசியில் போர்டை அழித்துவிட்டு ‘துரு எடுக்கும் வண்டி’ என்று எழுதினோம். அதன் பிறகும் ஒரு தொந்தரவு தொடர்ந்தது. “ஆத்து மணல்ல அடிச்சா சல்லிசா முடியுமேம்மா” என்று எல்லோரும் சொன்னார்கள். ஆற்று மணல் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது, மூச்சையே பறித்துவிடும். வீட்டுக்காரர் அந்த மணலைத் தொடவே மாட்டார். இதைப் பொறுமையாக விளக்கினால், “அதான் மூஞ்சியில மூடி போட்டிருக்காரே” என்பார்கள். இப்போதெல்லாம் நான் நுரையீரலைப் பற்றிப் பேசுவதில்லை. “ஆத்து மணல் எங்க கெடைக்குதுன்னு சொல்லுங்க, வீடு கட்ட எனக்கே வேணும்” என்பேன். உடனே புரிந்துகொள்வார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் இலுப்பூர்ப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். எப்போதோ ஒரு தடவை பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர். பதவி போய் வெகுகாலமாகியும் ஊர் அவரை பிரசிடெண்டு என்றே கூப்பிட்டது. அவரும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பார். அவரிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. அதைச் ‘சட்டப்படி’ புதுசாக்க வேண்டும் என்றார். அந்த வார்த்தையை ஒரு வாடிக்கையாளர் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் முறை. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

போய் உட்கார்ந்த பிறகுதான் அவருடைய சட்டம் வேறு, என்னுடைய சட்டம் வேறு என்று தெரிந்தது.

“முன்னாடி கனமா ஒரு இரும்புக் கம்பி வைக்கணும்மா. முட்டுனா எதிராளிக்குத்தான் சேதம் வரணும்.”

“அது கூடாதுங்க ஐயா. தடை பண்ணிட்டாங்க.”

“சரி, பாட்டுப் பாடுற ஹாரன்?”

“அதுவும் ஆகாதுங்க.”

“கண்ணாடிக்குக் கருப்பு பேப்பராச்சும் ஒட்டுவீங்களா?”

“உள்ள இருக்கறது நீங்கதான்னு வெளிய தெரியணும்ல ஐயா.”

இந்த நியாயம் மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் முகம் சுருங்கியது. “அப்ப சட்டப்படி என்னதாம்மா பண்ண முடியும்?”

“துரு எடுக்கலாங்க. அதுக்கு யாரும் அனுமதி கேக்க மாட்டாங்க. கலர் மாத்துறதுன்னா ஆபீஸ்ல எழுதிக் குடுத்து, அனுமதி வாங்கி, ஆர்.சி. புக்குல ஏத்தணும்.”

கலர்தான் அவருடைய உண்மையான தேவை. கட்சி மாறப் போகிறார். ஜீப் அப்போது அவர் இருந்த கட்சியின் கொடி வண்ணத்தில் பளபளத்துக்கொண்டிருந்தது. போகிற கட்சியின் வண்ணத்தில், அடுத்த பொதுக்கூட்டத்துக்குள் அது தயாராக வேண்டும். ஆர்.சி. புக்கை வாங்கிப் பார்த்தேன். வண்டியின் நிறம் சாம்பல் என்று இருந்தது.

“சாம்பலா?” என்றார் அவர், முன்பின் தெரியாத ஆளின் பெயரைக் கேட்டதுபோல.

அனுமதி கேட்டு எழுதிக்கொடுக்க நான் போக்குவரத்து ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் மனுவை வாங்கிப் படித்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

“வண்டிக்கு ஏற்கெனவே பெயிண்ட் அடிச்சாச்சா?”

“இல்லீங்க மேடம். அனுமதி வாங்கிட்டுத்தான் அடிக்கணும்.”

“அது தெரியும்மா. மொதல்லயே ஏன் வந்தீங்கன்னு கேக்குறேன். யாராச்சும் புகார் குடுத்துட்டாங்களா?”

இல்லை என்றேன். அவர் உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவரும் என்னைப் பார்த்தார். தப்பு எதுவும் செய்யாமல் அனுமதி கேட்டு வந்திருக்கும் பெண் என்பதால் உட்கார நாற்காலி கொடுத்தார்கள். மரியாதைக்கா, கண்காணிப்புக்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் மனுவை ஒழுங்காகப் பதிந்துகொண்டார்கள். கட்சியில் சேர்வது உறுதியாகட்டும் என்று பிரசிடெண்டு நிறத்தின் இடத்தைக் காலியாக விடச் சொல்லியிருந்தார். என்ன நிறம் என்று முடிவுசெய்து எழுதித் தாருங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள்.

அதற்குள் துருவையாவது எடுத்துவிடலாம் என்று லாரியை பிரசிடெண்டு வீட்டுக்குக் கொண்டுபோனோம். ஜீப்பைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினோம். ஊரே வந்து தார்ப்பாயின் இடுக்குகளில் கண்ணை வைத்துக்கொண்டது. ஜீப்பின் தகடு மெல்லியது. வேகமாக அடித்தால் நெளிந்துவிடும். அதனால் வீட்டுக்காரர் காற்றைக் குறைத்து, நைசான தூளைப் போட்டு, பானெட்டின் நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு அடித்துப் பார்த்தார். பிறகு குழாயை நிறுத்திவிட்டு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

பெயிண்ட் வட்டம் வட்டமாக உரிந்திருந்தது. வெளி வளையம் இப்போதைய கட்சி. அதற்குள் இன்னொரு கட்சி. அதற்குள் இன்னொன்று. வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதுபோல நடுவில் போய்த்தான் அந்தச் சாம்பல் நிறமும் அதற்கடியில் இரும்பும் தெரிந்தன. தூசி வெளியே போகட்டும் என்று தார்ப்பாயைத் தூக்கினோம். ஊர் எட்டிப் பார்த்தது.

முதலில் வாயைத் திறந்தது பிரசிடெண்டின் மனைவி. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பானெட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். விரலை வைத்தார்.

“இது பெரியவன் காலேஜ் சேந்தப்ப இருந்த கட்சி. இது சின்னவ பொறந்தப்ப. இந்தக் கட்சியில இருந்தப்பதான் எங்க அண்ணன் இவரோட பேச்ச நிறுத்துனாரு. இது…” என்று யோசித்தார். “ஏங்க, இது எந்தக் கட்சி?”

“உள்ள போடி” என்றார் பிரசிடெண்டு.

“ஒங்களுக்கே மறந்துபோச்சு பாத்தீங்களா” என்றார் அந்தம்மா. கூட்டத்தில் யாரோ ஒருவர், அது ஒரே மழைக்காலத்தோடு முடிந்துபோன கட்சி என்று நினைவுபடுத்தினார். கட்சியும் முடிந்தது, அதன் தலைவரும் எங்கேயோ போய்விட்டார். அந்த வண்ணம் மட்டும் ஜீப்பில் பத்திரமாக இருந்தது.

மிச்சத்தையும் அடித்தபோது நிலைமை இன்னும் மோசமானது. கதவின் கீழ்ப்பாதி அப்படியே உதிர்ந்து விழுந்தது. அது இரும்பே இல்லை, வெறும் பட்டி. தரைத் தகட்டில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதை எந்தக் காலத்திலோ ஒரு தேர்தல் தகர போர்டை வெட்டி அடைத்திருக்கிறார்கள். திருப்பிப் பார்த்தோம். இளவயது பிரசிடெண்டு கைகூப்பிக்கொண்டிருந்தார். இத்தனை காலமும் அவர் தன் முகத்தின் மேலேயே கால் வைத்துக்கொண்டுதான் பயணம் செய்திருக்கிறார். அந்தம்மா போர்டை மட்டும் வாங்கித் துடைத்து வீட்டுக்குள் எடுத்துப் போனார். “முடி எம்புட்டு இருந்துச்சு பாரு இவருக்கு” என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

பிரசிடெண்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது. ஆனால் அந்த முதுகைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. ஒரு மனிதன் இத்தனை கதவுகளைத் தட்டியும் ஒருவரும் உள்ளே உட்காரச் சொல்லவில்லை என்பதைத்தான் அந்த பானெட் காட்டியது.

பிளாஸ்டிங் செய்த இரும்பைச் சும்மா விட்டால் ஒரே இரவில் மறுபடி துரு ஏறிவிடும். அதனால் உதிர்ந்த இடங்களுக்குப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, பொழுது சாய்வதற்குள் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்தோம். செங்கல்லும் காபித் தூளும் கலந்த மாதிரி ஒரு மங்கல் பழுப்பு. நிறத்துக்கு அனுமதி வரும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள் என்று நான் கெஞ்சிச் சொல்லியிருந்தேன். அவரும் எடுக்கவில்லை. ஆனால் வாசலில் நிறுத்தியிருந்த வண்டியை ஊர் பார்த்தது.

எந்தக் கட்சிக் கொடியிலும் இல்லாத நிறம். அதனால் டீக்கடை ஒரு முடிவுக்கு வந்தது: பிரசிடெண்டு சொந்தமாகக் கட்சி ஆரம்பிக்கிறார். செய்தி இலுப்பூருக்குப் போவதற்குள் அந்தக் கட்சிக்குக் கொள்கை வந்துவிட்டது. ஆள் சேர்ப்பதாகவும் சொன்னார்கள். இவர் விட்டுப் போகவிருந்த கட்சியிலிருந்து ஓர் ஆள் வந்து, “என்னண்ணே, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல” என்றார். சேரவிருந்த கட்சியிலிருந்து வந்தவர்கள் சால்வையோடு வந்தார்கள். அதற்கு முன்பு அவர்கள் இவரைத் தங்கள் ஆபீஸ் வாசலில் நாள் முழுக்க உட்கார வைத்துத் திருப்பி அனுப்பியவர்கள்.

எனக்கு போன் வந்தது. “ஆத்தா, இந்தக் கலருக்குப் பேரு என்ன?”

“அது கலர் இல்லீங்க ஐயா. துரு வராம இருக்க அடிக்கிறது. இதுக்கு மேலதான் கலர் அடிக்கணும்.”

“மேல ஒண்ணும் வேணாம். இதையே கலரா அடிச்சுத் தாங்க. ஆபீஸ்ல என்னன்னு எழுதணுமோ எழுதிக் குடுங்க.”

பழுப்பு என்று எழுதிக் கொடுத்தேன். அனுமதி வந்தது. பிரைமரின் அதே நிறத்தில் முறையான பெயிண்ட் அடித்து, வண்டியை ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். பார்வையிட்ட அதிகாரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்னால் கம்பி இல்லை, கருப்பு பேப்பர் இல்லை. ஹாரனை அழுத்தினால் சாதாரண ஹாரன் மாதிரியே கத்தியது. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கலாம்.

“எதுக்குங்க ஐயா பழுப்பு?”

பிரசிடெண்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டார். “நடுநிலை” என்றார்.

ஆர்.சி.யில் நிறம் ஏறியது. கட்சி ஆரம்பிக்கிறாரா இல்லையா என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை. சொல்லாததால் அவருக்கு ஏகப்பட்ட மரியாதை. எல்லாக் கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கும் பத்திரிகை வருகிறது. முன்வரிசையில் உட்கார வைக்கிறார்கள். இலை போடும்போது முதலில் இவருக்குத்தான். எங்களுக்கும் தொழில் கூடிவிட்டது. கறம்பக்குடிப் பக்கமிருந்து ஒருவர், “அந்த நடுநிலை கலர் அடிக்க என்ன செலவாகும்?” என்று ரகசியக் குரலில் கேட்டார். அவர் எந்தக் கட்சி என்று நான் கேட்கவில்லை. ஆர்.சி. புக்கைக் கொண்டுவரச் சொன்னேன்.

கொஞ்ச நாள் கழித்து பிரசிடெண்டின் மனைவி என்னை போனில் கூப்பிட்டார். ஆலங்குடிப் பக்கம் தன் அண்ணன் வீட்டுக்கு ஜீப்பிலேயே போய்விட்டு வந்தாராம். அண்ணன் வேறு கட்சி. பல வருடங்களாக அந்த வண்டி அந்தத் தெருவுக்குள் நுழைந்ததில்லை. அந்தம்மா போனால் பஸ்ஸில்தான் போவார்.

“ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கலம்மா. அண்ணனே வந்து கதவத் தொறந்துவிட்டாரு. எனக்குத்தான் ஒரு மாதிரியா இருந்துச்சு. யாராச்சும் கத்துவாங்கன்னு நெனச்சு முந்தானைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்.”

“அப்புறம் என்ன பண்ணுனீங்க?”

“அப்புறம் என்னத்த. சாப்பிட்டோம். நெலக்கடல குடுத்துவிட்டாக. ஒனக்கும் ஒரு பை வச்சிருக்கேன், இங்கிட்டு வரும்போது வாங்கிக்க.”

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் என்ன விஷயம் என்று புருவத்தை உயர்த்திக் கேட்டார். நிலக்கடலை என்றேன். கட்டைவிரலை மேலே காட்டினார்.