அலைக்குப் பின்னால் போன கட்டுமரம்

என் அண்ணனின் பேத்தி இந்த ஆண்டு அனிமேஷன் பட்டப் படிப்பில் சேர்ந்துவிட்டாள். மதிப்பெண் மட்டும் போதாது, வரைந்து காட்டியும் இடம் வாங்க வேண்டிய படிப்பு அது. வாங்கிவிட்டாள். ராயபுரம் கல்மண்டபத்தில் எங்கள் தெருவில் யார் என்னைப் பார்த்தாலும் நிறுத்திக் கைகொடுக்கிறார்கள். அவளைப் படிக்க வைத்ததே நான்தான் என்று ஊரில் பேச்சு.

அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பிளஸ் டூ முடிந்ததும் வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது. அவளுடைய அப்பாவுக்குப் பக்கத்துக் கல்லூரியில் பி.காம்தான் சரியென்று பட்டது. அவளுடைய அத்தை வேறு வழி சொன்னாள். "பொம்ம போட்றதுக்கு இன்னாத்துக்குடி டிகிரி? ஆறு மாசம் கம்ப்யூட்டர் கிளாசு போனா பத்தாதா?"

"கம்ப்யூட்டரு எனக்கு வரைஞ்சி குடுக்காது அத்த. நான்தான் அதுக்கு வரைஞ்சி குடுக்கணும்" என்றாள் அவள்.

கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்பதால் வழக்கு என்னிடம் வந்தது. நானும் அவளோடு நாலு இடம் ஏறி இறங்கி, பாடத்திட்டங்களைக் கேட்டுப் பார்த்தேன். குறுகிய வகுப்பில் சொல்லித் தருவது மென்பொருளை. அது சில வருடங்களில் மாறிவிடும். பட்டப் படிப்பில் உடம்பு எப்படி அசைகிறது, பாரம் எங்கே இறங்குகிறது என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். இதைத்தான் அவள் அப்பாவிடம் சொன்னேன். நுழைவுத் தேர்வில் பாரம் தூக்கும் ஒருவரைப் படிப்படியாக வரையச் சொன்னார்களாம். மற்ற பிள்ளைகள் பளு தூக்கும் வீரனை வரைந்திருக்கிறார்கள். இவள் வரைந்தது, ஈரம் சொட்டும் மீன் கூடையைத் தரையிலிருந்து தலைக்கு ஏற்றுகிற ஒரு பெண்ணை. கூடை இடுப்பைத் தாண்டும்போது அந்தப் பெண்ணின் கழுத்து முன்கூட்டியே விறைத்துக்கொள்கிறது. அந்தத் தாளைத் தேர்வாளர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்ததை வாசல் கண்ணாடி வழியாக நானே பார்த்தேன். அன்றைக்கு ராயபுரம் வரைக்கும் பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன். உட்காரத் தோன்றவில்லை.

அண்ணன் இந்த விவாதத்தில் வாயே திறக்கவில்லை. "சின்னவன் படிச்சவன். அவன் சொன்னா கரீட்டாத்தான் இருக்கும்" என்றார், அவ்வளவுதான். இந்தப் பாராட்டு எனக்கு உரியதல்ல. ஏன் என்பதை எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அண்ணனுக்குப் பதினேழு. எங்கள் அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். அந்தக் காலத்தில் கொட்டகையில் பெரிய படத்துக்கு முன்னால் சில சமயம் ஒரு பொம்மைப் படம் போடுவார்கள். எல்லோரும் சிரித்துவிட்டு மறந்துபோவோம். அண்ணன் மட்டும் வீட்டுக்கு வந்து, அதில் வந்த நாய் ஓடும்போது எந்தக் கால் எப்போது தரையைத் தொட்டது என்று யோசித்துக்கொண்டிருப்பார். ஓவியப் பள்ளியில் படித்தால் பம்பாயில் இப்படிப் படம் பண்ணுகிற வேலைக்குப் போகலாம் என்று பள்ளியின் டிராயிங் வாத்தியார் சொல்லியிருந்தார். அதற்கு அப்பா நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும்.

அப்பா மறுக்கவில்லை. "நம்ம கட்டுமரத்த வெச்சி இன்னாவோ படம் போட்டுகினு கீறியாமே. காத்தால கரைக்கு எடுத்துகினு வா. பாத்துட்டு சொல்றேன்" என்றார். அண்ணனின் படிப்பு முழுவதும் அந்த ஒரு காலையில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் எனக்கும் அது தெரியும்.

அண்ணன் வரைந்தது தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில், தாளுக்குத் தாள் துளித் துளி மாற்றி. அடியில் ஓர் அட்டை வைத்து வலை நூலால் தைத்திருந்தார். கட்டைவிரலால் சரசரவென்று தள்ளினால் அப்பாவின் கட்டுமரம் அலையேறும். உச்சியில் தயங்கி, அலைக்குப் பின்னால் இறங்கி மறையும். அப்புறம் அடுத்த அலையின் மேல் அப்பா துடுப்போடு எழுந்து வருவார். இதையெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டேன். அன்று யாருக்கும் காட்டாமல் அவர் அதை மரப்பெட்டிக்குப் பின்னால் வைத்திருந்தார்.

அன்று மாலை நான் ஒட்டிய காத்தாடி தலைகுப்புற விழுந்துகொண்டே இருந்தது. வால் வேண்டும். பெட்டிக்குப் பின்னால் தாள்கள் கிடைத்தன. புரட்டிப் பார்த்தேன். கடைசிப் பாதியில் எல்லாத் தாளிலும் ஒரே படம்: கடல், ஒரு கட்டுமரம், ஓர் ஆள். ஒரே படத்தை எதற்கு இத்தனை தடவை வரைந்து தாளை வீணாக்கியிருக்கிறார் என்று தோன்றியது. கொஞ்சம் எடுத்தால் தெரியவா போகிறது? பின்னாலிருந்து ஒரு கொத்தைக் கிழித்து வால் கட்டினேன். காத்தாடி எழும்பியது.

மறுநாள் விடியலில் அண்ணன் பெட்டிக்குப் பின்னால் கைவிட்டுத் தாள்களை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். மரத்தை இறக்கத் தயாராக அப்பாவும் கூட்டாளிகள் மூவரும் நின்றிருந்தார்கள். அண்ணன் தாள்களை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்துக் கட்டைவிரலால் தள்ளினார். கட்டுமரம் அலையேறியது. உச்சியில் நின்றது. இறங்கியது. துடுப்பின் நுனி மட்டும் தெரிந்தது. அதுவும் போனது. வெறும் தண்ணீர். அண்ணனின் கட்டைவிரல் அட்டையில் முட்டி நின்றுவிட்டது.

கடலுக்குப் போகிறவனைப் பார்த்து "எங்கே போகிறாய்" என்று யாராவது கேட்டுவிட்டாலே மரத்தைத் திருப்புகிறவர்கள் அவர்கள். மூத்த கூட்டாளி அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்: "இன்னாபா, உம் புள்ள நம்பள உள்ள அனுப்சிட்டான். திருப்பி கூப்டலியே."

அண்ணன் கையிலிருந்ததைப் புரட்டிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி என்னை ஒரு தரம் பார்த்தார். தாள்களை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அன்று மரம் இறங்கவில்லை. மற்றவர்கள் மத்தியானம் மரம் நிறைய மீனோடு வந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அப்பாவுக்கு உண்மையான கோபம் வந்தது. ஓவியப் பள்ளிப் பேச்சு அன்றோடு முடிந்தது. அண்ணனும் திரும்பக் கேட்கவில்லை.

மறுநாள் என் காத்தாடியை எடுத்தபோது தாள் வாலைக் காணோம். அந்த இடத்தில் பழைய கைலியிலிருந்து நீளமாகக் கிழித்த துண்டு ஒன்று கட்டியிருந்தது. அம்மா வேலை என்று நினைத்தேன். துணி வால், தாள் வாலைவிட நன்றாகவே பறந்தது. அந்த மகிழ்ச்சியில் நான் எதையும் விசாரிக்கவில்லை.

அண்ணன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். அந்தக் கூலியில்தான் நான் கல்லூரி முடித்தேன். நான் செய்ததை எந்த வயதிலும் அவரிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு ஏற்ற நாள் வரும் என்று காத்திருந்தேன். உண்மையில் எனக்குத் தைரியம் வரவில்லை.

பேத்தி கல்லூரிக்குப் போன முதல் நாள் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அண்ணன் கைபேசியிலிருந்து கண்ணெடுக்கவில்லை. பேத்தி செய்து அனுப்பிய ஒரு துண்டுப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு பூனை மதிலிலிருந்து குதித்தது.

"தெரியும்டா" என்றார். "வால அவுத்து அடுப்புல போட்டதே நான்தானே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணே."

"யாராண்ட? அந்த மூணு பேராண்டயா? சொன்னா உன்ன கரப்பக்கம் வுட்டிருப்பானுங்களா? மீனு கெடைக்காத நாளுக்கெல்லாம் ஒம் பேருதான்." கொஞ்சம் சிரித்தார். "எல்லாம் ஒரே படம்னு நெனச்சி கிழிச்சிருப்ப. அதான் உன்ன கெமிஸ்ட்ரி படிக்க வெச்சேன். தோ பாரு, பூனை குதிக்கச் சொல்லோ வாலு கடைசீல வருது பாரு. இன்னாமா போட்ருக்கா."

பார்த்தேன். உடம்பு தரையைத் தொட்ட பிறகும் வால் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, மரம் இறங்கும் நேரத்தில் அண்ணன் கரையில் நிற்கக் கூடாது என்று கூட்டாளிகள் சொல்லிவிட்டார்கள். வருடக்கணக்கில் அவர் நிற்கவில்லை. அதுவரை விடியலில் அப்பாவுக்குச் சோற்றுத் தூக்கு கொண்டுபோய்க் கொடுத்தது அவர்தான். அந்த வேலை எனக்கு வந்தது. அண்ணன் பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். கொடுத்து வைத்தவர், இன்னும் தூங்குகிறாரே என்று நினைத்துக்கொள்வேன். பிறகு தூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கரைக்குப் போய், பெரிய ஆள் ஆகிவிட்ட பெருமையோடு எல்லோருக்கும் முன்னால் நிற்பேன்.