லண்டன் ஓட்டுக்கு ஆனேக்கல் வரை

வேனில் மூன்று பேர் இருந்தோம்: வக்கீல் எத்திராஜ், டிரைவர் நாகராஜ், நான். வந்திருக்க வேண்டிய இரண்டு பேர் வரவில்லை. என் அப்பாவுக்குப் பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் சனிக்கிழமை ஷிப்ட். வக்கீலின் மனைவி வர மறுத்துவிட்டார். வாசலில் நின்று அவர் சொன்னது எங்கள் மூவர் காதிலும் விழுந்தது: "இங்க தோத்தது பத்தலையா? அங்க தோக்கறதுக்கும் இங்கயே வரணுமா?"

2002 ஏப்ரல், பகல் ஒரு மணி. ஆஸ்டின் டவுனிலிருந்து கிளம்பினோம். வேன் வாடகை டீசலோடு 850 ரூபாய்.

போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எத்திராஜ் சார் ஆஸ்டின் டவுனில் தொழிலாளர் வழக்கு பார்த்தவர். தொண்ணூறுகளில் மாநகராட்சித் தேர்தலில் சுயேச்சையாக ஏணிச் சின்னத்தில் நின்றார். அதற்குப் போஸ்டர் ஒட்டியவர்களில் என் அப்பாவும் ஒருவர். டெபாசிட் போயிற்று. பிறகு நர்ஸ் வேலை கிடைத்த மனைவியோடு இங்கிலாந்து போனார். லண்டனுக்கு வடக்கே ஒரு சின்ன ஊர். எங்கள் பக்கம் எல்லாமே லண்டன்தான். அங்கே மறுபடி படித்து, மறுபடி வக்கீலாகி, மறுபடி சுயேச்சையாக நகர சபைக்கு நின்று பதினொரு ஓட்டில் தோற்றார். அடுத்த மாதம் இரண்டாம் முறை நிற்கிறார். அக்கா மகள் கல்யாணத்துக்கு என்று பத்து நாள் வந்தவர், ஒரு நாளை இதற்கு ஒதுக்கினார்.

அவருடைய வார்டில் பெங்களூர்ப் பையன்கள் சிலர் குடியிருக்கிறார்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தாலே அங்கே உள்ளூர்த் தேர்தலில் ஓட்டு உண்டு. நான் நம்பவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். மாலை வகுப்பில் சட்டம் படிக்கிறேன். நூலகத்தில் தேடிப் படித்த பிறகுதான் நம்பினேன்.

"ஓட்டு இருக்கு தம்பி. கதவுதான் தொறக்க மாட்டேங்கறாங்க" என்றார் சார். "உள்ள டிவி சத்தம் கேக்குது. மணி அடிச்சா நின்னுடுது. அம்மா அப்பா சொன்னாத்தான் கேப்பாங்க."

நாகராஜ் கண்ணாடியில் பார்த்தார். "லண்டன் எலக்ஷனுக்கு இங்க கேன்வாசிங்கா? மேல மைக் கட்டிக்கலாமா சார்?"

முதல் வீடு இரண்டு தெரு தள்ளி. ஓய்வு பெற்ற தந்தை ஒருவர். மகன் ஓட்டுப் போட்டால் விசாவைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்தார். சார் பொறுமையாக விளக்கி, மூலையிலிருந்த ஐ.எஸ்.டி. பூத்துக்கு அழைத்துப் போனார். அங்கே அப்போது காலை ஒன்பது மணி இருக்கும். "டேய், நம்ம வக்கீல் நிக்கறாரு. போட்டுடு" என்று கத்தினார் பெரியவர். பில் 164.

இரண்டரை மணிக்குப் பொம்மனஹள்ளி. சாப்பாடு ஆளுக்கு 25. அங்கே ஒரு தாய். மகன் தேர்தல் அன்று டியூட்டி இருப்பதாகச் சொல்லிவிட்டான். பில் 123.

வேனில் ஏறியதும் கேட்டேன்: "சார், நாம போன் செலவு கொடுக்கறது லஞ்சம் ஆகாதா?"

"நல்ல கேள்வி. தேர்தல் செலவுக் கணக்குல எழுதிடுவேன். பில்லை பத்திரமா வை."

ஓசூர் ரோட்டில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, சந்தாபுரத்தில் திரும்பி, ஆனேக்கல் சேர ஐந்து மணியாயிற்று. இங்கே ருக்மணியம்மா. முன்பு ஆஸ்டின் டவுனில் இருந்தவர். மகன் சேகர் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதில் சண்டை போட்டுக்கொண்டு தீபாவளிக்குப் பிறகு போனே செய்யவில்லை. நம்பர் இருந்தும் அந்த அம்மா போடவில்லை. அவனே போடட்டும் என்று விட்டிருந்தார்.

சாரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "ஏணிக்காரர்தானே? தெருக் குழாய் கொண்டாரேன்னு சொன்னீங்க. நீங்களும் தோத்தீங்க, குழாயும் வரல."

சார் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "சொல்றேன். ஆனா நீங்க ஜெயிச்சா, அவன் வாசல்ல போய் நின்னு வாராவாரம் எனக்குப் போன் போட வைக்கணும்" என்றார்.

"அது கவுன்சிலர் அதிகாரத்துல இல்லம்மா."

"அப்ப குழாய் மட்டும் இருந்துச்சா?"

நாகராஜ் சிரிப்பை அடக்க முடியாமல் வேனைத் துடைக்கப் போய்விட்டார். கடைசியில் சார் சொன்னார்: "வாக்குக் கொடுக்கமாட்டேன். போய்ப் பாக்கறேன்."

பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு பூத். ருக்மணியம்மா உள்ளே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடின. முதலில் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். பிறகு திட்டினார். பிறகு மருமகள் என்ன சாப்பிடுகிறாள் என்று விசாரித்தார். இருநூறைத் தாண்டியது, நானூறைத் தாண்டியது. ஓட்டுப் பேச்சே வரவில்லை.

"சும்னே பேசிட்டு இருக்காங்க சார்" என்று கன்னடம் கலந்து சொன்னார் நாகராஜ். "கண்ணாடியத் தட்டவா?"

"வேணாம்" என்றார் சார். மீட்டரைப் பார்க்காமல் ஓசூர் பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியாகத்தான் வந்தது. கதவைப் பாதி திறந்தபடி, தெருவுக்கே கேட்கும்படி: "நம்ம வக்கீல் நிக்கறாரு. ஏணிடா, ஏணி! மறந்துடாத!" வைத்துவிட்டார்.

"அங்க எனக்குச் சின்னமே கிடையாதும்மா! பேரைப் படிச்சுப் போடணும்!" என்று சார் பதறினார்.

"படிச்ச புள்ளதானே, பாத்துக்குவான்" என்றார் ருக்மணியம்மா.

பில் 779. எட்டு மணிக்கு ஆஸ்டின் டவுன்.

மே மாதம் அவரே போன் செய்தார். மூன்று ஓட்டில் தோற்றுவிட்டார். ஆனால் குரலில் சோர்வு இல்லை. எண்ணும்போது சந்தேக ஓட்டுகளைத் தனியே காட்டினார்களாம். ஒன்றில் இவர் பெயருக்கு நேரே பெருக்கல் குறிக்குப் பதிலாக ஒரு ஏணி வரைந்திருந்தது. எதிராளி அது ரயில் தண்டவாளம் என்றாராம். எதுவானாலும் இவர் கட்டத்துக்குள்தான் இருக்கிறது என்று அதிகாரி அதைச் சேர்த்துக்கொண்டார். மறுநாள் சார் சேகர் வீட்டுக்குப் போய் மணி அடித்தார். தோற்ற பிறகு கதவு திறந்தது.

ஜூனில் ஆனேக்கல் போனபோது ருக்மணியம்மாவைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வருகிறதாம். "ஜெயிக்காமயே வேலை நடக்குது பாரு. குழாயையும் கேட்டுப் பாக்கலாம்போல" என்றார்.

இங்கே நின்றால் டெபாசிட் கட்ட வேண்டும். அங்கே நகர சபைக்கு டெபாசிட்டே இல்லை. ஆனால் தோற்றவரும் செலவுக் கணக்கு கொடுத்தாக வேண்டும். ஆனேக்கலை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று சார் யோசித்துக்கொண்டிருந்தார். பில்களை அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். வேன் 850, போன் 1,066, சாப்பாடும் டீயும் 113. ஆக மொத்தம் 2,029 ரூபாய்.