ரேஸில் கடைசியாக வருபவர்

என் புருஷன் ரேஸ் கேமில் ஒருநாளும் ஜெயித்ததில்லை. இருபது கார் ஓடினால் இருபதாவதாக வருவார். அதற்காக அவர் வருத்தப்பட்டும் நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் எரிச்சலாக வரும். தோற்பதற்கென்றே ஒரு மனுஷன் தினமும் இரண்டு மணி நேரம் உட்காருவானா?

அவர் பதினாலு வருஷம் கம்பெனி பஸ் ஓட்டியவர். கிருஷ்ணகிரியில் எடுத்து, சூளகிரியில் எங்களை ஏற்றிக்கொண்டு, முதல் ஷிப்ட் தொடங்குவதற்குள் ஓசூரில் இறக்கிவிட வேண்டும். நான் அந்த பஸ்ஸில் போனவள். பிரேக் லைனிங் செய்கிற கம்பெனியில் டெஸ்டிங்கில் எனக்கு வேலை, இன்றைக்கும் அதே வேலைதான். ஏறி உட்கார்ந்து ஜன்னலில் தலையைச் சாய்த்தால் கம்பெனி கேட்டில்தான் கண் விழிப்பேன். நான் மட்டுமில்லை, பஸ்ஸில் இருந்த நாற்பது பேரும் அப்படித்தான். லாரிகள் குறுக்கே வருகிற அந்த ரோட்டில் ஒரு தடவைகூட அவர் பிரேக் போட்டு நான் எழுந்ததில்லை. பெண் கேட்டு வந்தபோது எங்கள் வீட்டில் டிரைவரா என்று இழுத்தார்கள். மூன்று வருஷம் அந்த ஆள் வண்டியில் தூங்கியிருக்கிறேன், அதற்குமேல் என்ன விசாரிக்க வேண்டும் என்று கேட்டேன். எங்கள் அப்பாவுக்குக் கோபம் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும்.

போன வருஷம் ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்தார். வலிப்பு. கிருஷ்ணகிரி டாக்டர் ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, "மாத்திரையை விடாதீங்க. வண்டியைத் தொடாதீங்க. ஒரு வருஷம் எதுவும் வராம இருந்தா அப்புறம் பேசலாம்" என்றார். அவர் காதில் 'அப்புறம் பேசலாம்' மட்டும்தான் விழுந்தது. பஸ் கான்ட்ராக்டர் அவரை ஷெட்டில் உட்கார வைத்தார். காற்றுப் பார்ப்பது, ஆயில் பார்ப்பது, மற்றவன் ஓட்டிவிட்டு வந்த வண்டியைக் கழுவுவது. அங்கிருந்த சூப்பர்வைசர் வாரத்துக்கு ஒரு தடவை, "வருஷம் முடிஞ்சதும் டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கியாந்துடுண்ணா, உன் வண்டி உனக்குத்தான்" என்பான். அந்த லெட்டருக்காகவே அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் பேச்சே இல்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார், கேட்டால் பதில் சொல்லுவார், அவ்வளவுதான்.

பெங்களூரில் வேலை பார்க்கிற என் தம்பிதான் அந்தச் சாமான்களைக் கொண்டுவந்தான். ஒரு ஸ்டீயரிங், மூன்று பெடல் வைத்த பலகை, ஒரு கியர், அவனுடைய பழைய கம்ப்யூட்டர். அவனுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து பரணில் கிடந்ததாம். ஸ்டீயரிங்கை எங்கள் சாப்பாட்டு மேஜையில் முடுக்கினான். பெடல் பலகை மொசைக் தரையில் வழுக்கிக்கொண்டு போனது. அதற்குப் பின்னால் அரிசி மூட்டையை முட்டுக் கொடுத்தோம்.

"மாமா, உக்காருங்க. ஓட்டிப் பாருங்க."

அவர் உட்காரவில்லை. உள்ளே போய்க் குங்குமம் எடுத்துவந்து ஸ்டீயரிங் நடுவில் பொட்டு வைத்தார். "எலுமிச்சம்பழம் இருக்குதா மே?" என்று என்னிடம் கேட்டார்.

"மாமா, இது கேமு மாமா!"

"ஸ்டீயரிங்தானே?"

"சக்கரமே இல்ல. பழத்த எதுக்கடியில வெப்பீங்க?"

அவர் யோசித்துவிட்டு அரிசி மூட்டைக்கு முன்னால் ஒன்றை வைத்தார். தம்பி சிரித்துச் சிரித்து இருமினான். அவர் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் வளைவிலேயே வண்டி சுழன்று மண்ணில் போய் நின்றது. நான் அடுப்படிக்குத் திரும்பப் போனேன். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. தம்பி இல்லை, அவர். நாலு மாசமாகக் கேட்காத சத்தம்.

"எடை இருக்குது மே இதுக்கு!" என்றார். "பின்பக்கம் தூக்குறது கையில தெரியுது."

அன்றைக்குப் பிடித்ததுதான். ஷெட்டிலிருந்து வந்ததும் குளித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். செல்போனில் பையன்கள் விளையாடுகிற கேம் மாதிரி இதுவும் ஒன்று என்றுதான் நினைத்தேன். இல்லை என்று விளக்கம் சொல்வார். டயர் சூடேறாமல் வளைத்தால் வழுக்கும். பெட்ரோல் குறையக் குறைய வண்டி லேசாகும், பிரேக் பிடிக்கிற இடம் மாறும். கிளட்சைச் சரியாக மிதிக்காவிட்டால் கியர் விழாது. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். பேசாத மனுஷன் பேசுகிறார் என்று நானும் பூண்டு உரித்துக்கொண்டே கேட்பேன்.

"செல்போன் கேமுல நாம சொன்னத வண்டி கேக்கும். இங்க வண்டி சொல்றத நாம கேக்கணும்" என்றார் ஒருநாள்.

"நான் சொல்றத எப்பக் கேப்பீங்க?"

"நீயும் ஒரு ஸ்டீயரிங்கு வெச்சுக்க."

கூத்து என்னவென்றால், பின்னால் ஒரு ரேஸ் கார் நெருங்கி வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து வலது கையை எடுத்து, பீரோவைப் பார்த்து, போ போ என்று வீசுவார். முந்திப் போகிறவனுக்கு வழி விடுகிறாராம். நெடுஞ்சாலையில் பதினாலு வருஷம் வீசிய கை. அந்த நேரத்தில் ஒற்றைக் கையில் வண்டி ஆடி இன்னும் இரண்டு பேர் முந்திப் போவார்கள்.

"யோவ், ரேஸுய்யா அது! வழி விடுறதுக்கா போன?"

"அவசரமா போறான், போவட்டும்."

இன்னொன்றும் செய்வார். வளைவுக்கு முன்னால் தூரம் எழுதிய போர்டுகள் வரும். எல்லா வண்டியும் நூறு மீட்டர் போர்டில் பிரேக் பிடிக்கும். இவர் இருநூறிலேயே மெதுவாகப் பிடிக்க ஆரம்பிப்பார். பிரேக்கைப் பற்றி எனக்குத் தெரியும். எந்த வேகத்தில் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது.

"எதுக்கு அங்கியே புடிக்கிறீங்க? இன்னும் நூறு மீட்டரு இருக்குதில்ல?"

"அப்படி நறுக்குனு புடிச்சா பின்னாடி இருக்கறவங்க முன்சீட்டுல போய் முட்டிக்குவாங்க."

"அந்தக் காருல பின்னாடி சீட்டே இல்லியே!"

அவர் திரும்பிப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்தார். "தெரியுது மே. கால் கேக்க மாட்டேங்குது."

அதற்குப் பிறகு அவர் கடைசியாக வருவதை நான் கேலி செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் உட்கார்ந்து ஓட்டினேன். கிளட்சை விடத் தெரியாமல் நாலு தடவை ஆஃப் ஆனது. அவர் என் பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டு, "விடு, விடு, மெல்ல விடு, இப்ப" என்றார். வண்டி கிளம்பியது. எனக்குக் கையெல்லாம் வேர்த்துவிட்டது. ஸ்டீயரிங் உள்ளேயிருந்து யாரோ இழுப்பது மாதிரி இருந்தது. ஒரு சுற்று முடிப்பதற்குள் ஒன்பது இடத்தில் மோதினேன். ஆனாலும் எழுந்திருக்க மனசில்லை. ரோடு என்பது என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் தெரிந்தது. இவரிடமிருந்து என்ன போயிருக்கிறது என்பதும்.

பதினோரு மாசம் முடிந்தது. டாக்டரிடம் போக இன்னும் மூன்று வாரம்தான். சூப்பர்வைசர் பஸ்ஸுக்குப் புது சீட் கவர் போட்டிருப்பதாகப் போன் செய்து சொன்னான். அந்த ஞாயிறு மதியம் நான் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். நேர்ரோட்டின் முடிவில் இருநூறு போர்டு வந்தது. அவர் பிரேக் பிடிக்கவில்லை. நூறு வந்தது. அப்போதும் பிடிக்கவில்லை. கார் நேராகப் போய்ச் சுவரில் மோதியது. மோதிய பிறகும் இஞ்சின் கத்திக்கொண்டே இருந்தது.

"என்னங்க?"

பதில் இல்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெருவிரல் ஸ்டீயரிங்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. உதட்டைச் சப்பினார். பிறகு ஒரு தடவை எச்சில் விழுங்கிவிட்டு, "பெடல் வழுக்கிடுச்சு மே" என்றார்.

நான் கீழே பார்த்தேன். அரிசி மூட்டை வைத்த இடத்தில் இருந்தது.

"ரீப்ளே போடுங்க."

"எதுக்கு? வேற ரேஸ் போடலாம்."

நான் மவுஸைப் பிடுங்கினேன். அந்தக் கேமில் ஓட்டியதைத் திரும்பப் பார்க்கும்போது கீழே கோடுகள் ஓடும். பிரேக்குக்கு ஒன்று, ஆக்ஸிலரேட்டருக்கு ஒன்று, ஸ்டீயரிங்குக்கு ஒன்று. கம்பெனியில் எட்டு மணி நேரமும் நான் பார்ப்பது இந்த மாதிரிக் கோடுகளைத்தான். அங்கே மிஷின் பிரேக் மிதிக்கும், கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி இருக்கும். மனுஷன் ஸ்டீயரிங் பிடித்தால் அப்படி வராது. நேர்ரோட்டில்கூட கை சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்கும். இவர் கோடும் எறும்பு ஊர்கிற மாதிரி நெளிந்துகொண்டே வந்தது. நேர்ரோட்டின் பாதியில் நெளிவு நின்றுவிட்டது. எட்டு விநாடிக்கு ஒரே நேர்கோடு. வண்டி சுவரில் மோதுகிற வரைக்கும். மோதிய பிறகும் ஆக்ஸிலரேட்டர் கோடு உச்சியிலேயே நின்றது. கால் வழுக்கியிருந்தால் அது கீழே இறங்கியிருக்கும்.

"இதுல எங்க வழுக்கியிருக்குது? காட்டுங்க."

அவர் அந்தக் கோட்டையே பார்த்தார்.

"இதுக்கு முன்னாடியும் வந்துச்சா?"

"தெரியல."

"தெரியலன்னா என்ன அர்த்தம்?"

"வந்தா எனக்கு எப்படி மே தெரியும்?" என்றார். "சில தடவ வண்டி திடீர்னு வேற எடத்துல இருக்கும். கேமுல ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

கத்தினேன். என்னென்னவோ கத்தினேன். நாற்பது பேர், நாற்பது பேர் என்று திரும்பத் திரும்பச் சொன்னது நினைவிருக்கிறது. அவர் தரையில் சிதறிய அவரைக்காயை உட்கார்ந்து பொறுக்கினார்.

மூன்று வாரமும் நான் நிம்மதியாக இல்லை. டாக்டர் என்ன கேட்பார்? இடையில் ஏதாவது வந்ததா என்று கேட்பார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவருக்கு வண்டி திரும்பக் கிடைத்துவிடும். விஷயம் எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். அவர் இல்லை என்று சொன்னால் நான் வாயைத் திறந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். முடிவு செய்வது சுலபம். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது, "உனக்கு வெச்சுக்கிட்டியா?" என்று கேட்கிற முகத்தைப் பார்த்துக்கொண்டு அதில் நிற்பதுதான் கஷ்டம். அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்த மூன்று வாரம் மேஜையில் ஸ்டீயரிங் மேல் துண்டு போட்டு மூடியே இருந்தது.

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார். "இடையில ஏதாச்சும் வந்துச்சா?"

நான் என் புருஷனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். அந்த ரீப்ளேயை எனக்குத் தெரியாமல் எப்போதோ வீடியோ எடுத்து வைத்திருந்திருக்கிறார்.

"சார், இத பாருங்க. இது கேமு. ஆனா ஓட்டுனது நான்தான். இந்தக் கோடு நேரா போவுது பாருங்க. இந்த எட்டு செகண்டு நான் இல்ல சார்."

டாக்டர் முதலில் புரியாமல் பார்த்தார். அப்புறம் இரண்டாம் தடவை போடச் சொன்னார். அப்புறம் மூன்றாம் தடவை. என்னிடம் பெருவிரல் தேய்த்தது, உதட்டைச் சப்பியது எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். மாத்திரையை மாற்றினார். இதுவும் வலிப்பில் ஒரு வகைதான், விழவேண்டும் என்றில்லை என்றார். பஸ் இனிமேல் கிடையாது என்பதை நேராகவே சொன்னார். இவர் தலையாட்டினார். எழுந்தவர் நின்று, "சார், இதையாச்சும் ஓட்டலாமா?" என்று செல்போனைக் காட்டினார்.

"ஓட்டுங்க. தூக்கத்தக் கெடுத்துக்காம ஓட்டுங்க. பக்கத்துல ஆள் இருக்கும்போது ஓட்டுங்க."

பஸ் ஸ்டாண்டில் பழக்கடை ஓரமாக நின்று சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். "லெட்டரு இல்லப்பா. வேற ஆளப் போட்டுக்க" என்றார். அவன் கத்துவது எனக்கே கேட்டது. "வேற டாக்டர் இருக்காருண்ணா, நாளைக்கே வாங்கிடலாம்ணா!"

"வேணாம்பா. வந்துது, அதனால முடியாது" என்று வைத்துவிட்டார்.

எனக்கு மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. "நீங்க சொல்லலன்னா நான் சொல்லியிருப்பேன். உங்களப் போட்டுக் குடுத்திருப்பேன்" என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"இல்ல. கோட்டப் பாத்தப்பவே முடிவு பண்ணிட்டேன். வாய்ல வரதுக்கு மூணு வாரம் ஆச்சு." அவர் செல்போனைப் பையில் போட்டார். "நீ சொல்லியிருந்தா ஒரு மாசம் உங்கூட பேசியிருக்க மாட்டேன்."

"ஒரு மாசந்தானா?"

"அதுக்கு மேல எங்க மே முடியும்? பேச வேற யாரு இருக்கறா?"

நான் சிரித்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது. பழக்கடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தால் பார்க்கட்டும் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.