படைப்பதற்கு முன் ஒரு கொழுக்கட்டை

பிள்ளையார் சதுர்த்தி அன்று காலையில் எதிர் ஃபிளாட் மீனாட்சி அக்கா வீட்டுக்குப் போய் என் பெருந்தன்மையைக் காட்டினேன். அப்படி நினைத்துக்கொண்டுதான் போனேன்.

நாங்கள் பாளையங்கோட்டை வேதக்காரர்கள்; கிறிஸ்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடுவதில்லை. குடிவந்த புதிதிலேயே அக்காவிடம் சொல்லிவிட்டேன். அதனால், படைப்பதற்கு முன்பே எங்கள் பங்கைத் தனியாக எடுத்துத் தந்துவிடுவார்.

இந்த வருடம்தான் பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் கொஞ்ச நாளாக மதச் சண்டை. யாரோ எதையோ ஃபார்வர்ட் செய்ய, 'நீங்க', 'நாங்க' என்று இரண்டு கட்சி. அக்கா ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. எழுதியிருந்தாலாவது தெரிந்திருக்கும்... மனதில் என்ன இருக்கிறதோ?

என் மகளுக்கு அக்கா வீடுதான் பாதி வீடு. அக்கா மகளோடுதான் விளையாட்டு, வீட்டுப்பாடம், சில நாள் மதியத் தூக்கமும். அந்தக் கதவு சாத்திக்கொண்டால்?

"அக்கா, இந்த வருஷம் எங்களுக்குன்னு தனியா எடுக்க வேண்டாம். படைச்சதையே தாங்க."

அக்கா இட்லிக் கொப்பரையை மூடிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்ட்டி, ஒங்க வேதத்துல புதுசா எதும் மாத்திட்டாங்களா?"

"அதெல்லாம் இல்லக்கா... நீங்க எதும் நெனச்சிரக் கூடாதுல்லா. குரூப்புல வேற..."

"குரூப்புல எவனோ பேசுனா, நீ எதுக்கு என் அடுப்பங்கரையில வந்து முழிக்க? பயந்துக்கிட்டு தின்னா அது பிரசாதமா, மாத்திரையா?"

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குத் தைரியத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறவள் நான். கொப்பரை மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீ பாட்டுக்குச் சொல்லிட்ட. படைக்கதுக்கு முந்தி நாங்க யாரும் வாயில வைக்கக் கூடாது. உப்பு, இனிப்பு சரியா இருக்கான்னு நான் யார்ட்ட போயி கேப்பேன்? போன வருஷம் நீ தின்னுட்டு இனிப்பு பத்தலன்னு சொன்ன பொறவுதான அடுத்த ஈட்டுக்கு வெல்லம் கூடப் போட்டேன்?"

ஆவி பறக்க ஒரு கொழுக்கட்டையைத் தட்டில் வைத்து நீட்டினார். கடித்தேன். 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிடலாமா? அதுதானே பத்திரமான பதில்?

"உப்பே இல்லக்கா."

"பாத்தியா..." என்று தலையில் அடித்துக்கொண்டு, புது மாவு பிசைய உட்கார்ந்தார் அக்கா.

ஒற்றுமைக்காக நம்மைக் கொஞ்சம் அழித்துக்கொண்டால் எல்லாருக்கும் நல்லது என்று நினைத்திருந்தேன். எங்கே? பிள்ளையாருக்கு உப்புப் போட்ட கொழுக்கட்டை கிடைப்பதற்கே, எதிர்வீட்டு வேதக்காரி தன் வேதத்தில் உறுதியாக நிற்க வேண்டியிருக்கிறது.