பூக்கைக்காரரின் நைட்ரேட்

அக்காவின் கணவருக்கு வேலையிடத்தில் பூக்கை என்று பெயர். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிறவர். குத்தியதே தெரியாது, சிலர் ரத்தம் எடுத்து முடித்த பிறகும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். ரத்தம் எடுத்த சோதனைக் குழாயைத் தொட்டில் ஆட்டுவதுபோல் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துவார். குலுக்கினால் ரத்த அணுக்கள் உடைந்து ரிப்போர்ட் கெட்டுவிடும். இந்தப் பழக்கம் வீடு வரை வந்துவிட்டது. சாஸ் புட்டியைக்கூடக் குலுக்க மாட்டார். அது தானாக விழும்வரை தட்டின் முன் காத்திருப்பார். அங்கே சாப்பிடப் போயிருக்கும் எனக்குப் பசியில் உயிர்போகும்.

கூடத்தில் ஓர் உப்புத்தண்ணீர் மீன்தொட்டி வைத்திருந்தார். அதில் மீன்கள் ஒவ்வொன்றாகச் சாக ஆரம்பித்தன. மீனின் கழிவும் தின்னாத தீனியும் அழுகினால் கடைசியில் நைட்ரேட்டாகத் தண்ணீரில் தங்கும், மிஞ்சினால் ஆபத்து. அதை அளக்க ஒரு கிட் உண்டு. கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து, இரண்டு புட்டிகளிலிருந்து சொட்டுகள் விட்டு, நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். மஞ்சள் என்றால் நைட்ரேட் இல்லை, சிவக்கச் சிவக்க அதிகம். அவர் வாராவாரம் பார்த்தார். எப்போதும் மஞ்சள்தான்.

தண்ணீர் குற்றமற்றது என்றால் குற்றவாளி வீட்டில்தான் இருக்க வேண்டும். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அவர் தன்னை விசாரித்து விடுதலை செய்துகொண்டார். மிச்சம் என் அக்கா. முதலில் அவளுடைய தரை துடைக்கும் மருந்து, அப்புறம் முகப் பவுடர், அப்புறம் வறுக்கிற புகை. எல்லாவற்றையும் விட்டாள். மீன்கள் அதற்காக நன்றி ஒன்றும் காட்டவில்லை. தண்ணீர் நாறுகிறது என்று அவள் சொன்னதற்கு, மூக்கு ஒரு கருவி அல்ல என்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவோ அடுத்து எதை விடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரே ஒரு கோமாளி மீன் மிஞ்சியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது அது ஒருக்களித்து மிதந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவர் சோதித்தார். மஞ்சள். அக்கா பக்கம் திரும்பி, இன்றைக்கு எதைத் தொட்டாய் என்று கேட்டார்.

அக்கா இரண்டாவது புட்டியைத் தூக்கிப் பார்த்தாள். நிறம் காட்ட வேண்டிய பொடி அடியில் படிந்து உறைந்திருந்தது. அதை உள்ளங்கையில் ஓங்கித் தட்டி, இத்தனை நாள் கோபத்தையும் சேர்த்துக் குலுக்கினாள்.

“உடைஞ்சிடும்” என்றார்.

“என்னது உடையும்?”

அவளே குழாயில் வேறு தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டாள். மஞ்சள் ஆரஞ்சாகி, சிவந்து, அவருக்கு நன்றாகப் பழகிய ரத்த நிறத்தில் நின்றது. நன்றாகக் குலுக்கவும் என்று புட்டியிலேயே அச்சடித்திருந்தது. அது விவரமில்லாதவர்களுக்கு என்று நினைத்திருந்தாராம்.

அதன்பின் ஒழுங்காக வேலை செய்தார், அதையும் சொல்ல வேண்டும். புதிதாக உப்புத்தண்ணீர் கலந்து சோதித்தார். மஞ்சள், ஆகவே கிட்டில் கோளாறில்லை. தொட்டித் தண்ணீர் அட்டையையே தாண்டியதால், அதில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்துப் பார்த்தார். வருவதை ஐந்தால் பெருக்க வேண்டும். அப்போதும் சிவப்பு. ஒரேயடியாக மாற்றினால் மீன் தாங்காது என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றினார். சாயங்காலம் மீன் நிமிர்ந்தது.

தவறான ரிப்போர்ட் வெளியே போய்விட்டால், கையெழுத்துப் போட்டவரே நேரில் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் நிலையத்து விதி. சமையலறை வாசலில் போய் நின்றார்.

“நான் குடுத்த ரிப்போர்ட் தப்பு. ஒரு மீன்கூட உன்னால சாகலை.”

அக்கா இப்போது வாங்கு வாங்கென்று வாங்கப்போகிறாள் என்று நான் ஆவலாக எட்டிப் பார்த்தேன். இத்தனை நாள் பொறுத்துப்போகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

“ஒண்ணைக்கூடவா நான் கொல்லலை?” என்று கேட்டாள்.